அயனிகளைக் கடத்தும் பாலிமர்: மூலக்கூறின் எந்த இடத்தில் கை வைப்பது?

முதுநிலை வேதியியல் மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: பாலி எத்திலீன் ஆக்சைடில் லித்தியம் உப்பைக் கரைத்தால் அது அயனிகளைக் கடத்தும் என்பது 1970களிலேயே தெரிந்துவிட்டது, அப்படியிருந்தும் அறை வெப்பநிலையில் இயங்கும் பாலிமர் திண்ம மின்கலம் ஏன் இன்னும் பரவலாகவில்லை, புதிய பாலிமர் ஒன்றை வடிவமைக்க விரும்புபவர் மூலக்கூறின் எந்தப் பகுதியிலிருந்து தொடங்க வேண்டும்?

இந்த வகைப் பாலிமர்களில் அயனியை நகர்த்துவது சங்கிலியின் அசைவு. பொருளைத் திண்மமாக நிறுத்தி வைப்பதோ சங்கிலியின் அசைவின்மை. ஒரே மூலக்கூற்றுப் பகுதியிடம் இந்த இரண்டு வேலைகளையும் ஒப்படைத்தால் ஒன்று கூடும்போது மற்றொன்று குறையும். ஆகவே எந்தப் பகுதி அயனியைக் கடத்தும், எந்தப் பகுதி வடிவத்தைத் தாங்கும் என்று வேலையைப் பிரிப்பதிலிருந்துதான் வடிவமைப்பு தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குக் காரணம் சொல்ல, முதலில் எவ்வளவு கடத்துதிறன் தேவை என்பதைக் கணக்கிட்டுவிடுவோம்.

25 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள பாலிமர்ப் படலம் ஒன்று இரண்டு மின்முனைகளுக்கு இடையில் இருப்பதாகவும், சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் அதன் வழியே செல்வதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். கடத்துதிறன் செ.மீ.க்கு 10⁻³ சீமென்ஸ் என்றால் படலத்தில் இழக்கப்படும் மின்னழுத்தம் 2.5 மில்லிவோல்ட், அது பொருட்டே இல்லை. 10⁻⁴ என்றால் 25 மில்லிவோல்ட்; தாங்கிக்கொள்ளலாம். 10⁻⁵ என்றால் கால் வோல்ட் போய்விடும். 10⁻⁷ என்றால் 25 வோல்ட் வேண்டும், அதாவது மின்கலமே இல்லை. சாதாரண பாலி எத்திலீன் ஆக்சைடும் லித்தியம் உப்பும் சேர்ந்த கலவை அறை வெப்பநிலையில் பெரும்பாலும் 10⁻⁷ஐ ஒட்டியே நிற்கிறது. இன்றைய லித்தியம் அயனி மின்கலங்களில் மின்முனைகளுக்கு இடையே அயனிகளைக் கடத்தும் ஊடகமான திரவ மின்பகுளியோ 10⁻² அளவில் கடத்துகிறது. நிரப்ப வேண்டிய இடைவெளி சில மடங்குகள் அல்ல, ஆயிரக்கணக்கான மடங்குகள் என்பதை இந்தக் கணக்கு காட்டும். படலத்தை மெல்லியதாக்கினால் இழப்பும் அதே விகிதத்தில் குறையும் என்பதால், இழுவையையும் வளைவையும் தாங்கும் வலிமையும் மறைமுகமாக ஒரு கடத்துதிறன் பிரச்சினையே.

இந்தத் துறையின் தொடக்கம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. பீட்டர் ரைட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1973இல் பாலி எத்திலீன் ஆக்சைடு கார உலோக உப்புகளுடன் அணைவுகளை உருவாக்குவதை அறிவித்தனர். அவை அயனிகளைக் கடத்துவதை ரைட் 1975இல் வெளியிட்டார். இவற்றை மின்கலத்தின் திண்ம மின்பகுளியாகப் பயன்படுத்தலாம் என்று 1978இல் முன்மொழிந்தவர் பிரான்சின் கிரெனோபிளைச் சேர்ந்த மிஷெல் அர்மான்.

உப்பு ஏன் பாலிமரில் கரைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நீரின் மின்காப்பு மாறிலி 80ஐ ஒட்டியது. பாலி எத்திலீன் ஆக்சைடின் மதிப்பு 10க்கும் குறைவு. எனவே எதிரெதிர் மின்சுமைகளைப் பிரித்து வைக்கும் ஆற்றல் இந்தப் பாலிமருக்குப் பொதுவாகக் கிடையாது. உப்பைப் பிரிப்பது அதன் ஈதர் ஆக்சிஜன்கள்தாம், அதாவது சங்கிலியில் இரு கார்பன்களுக்கு நடுவே அமர்ந்திருக்கும் ஆக்சிஜன்கள். சங்கிலி வளைந்து, ஐந்து அல்லது ஆறு ஆக்சிஜன்களால் ஒரு லித்தியம் அயனியைச் சுற்றி வளைத்துக்கொள்கிறது. இரண்டு ஆக்சிஜன்களுக்கு இடையில் இரண்டு கார்பன்கள் என்ற இடைவெளி இதற்கு மிகப் பொருத்தமாக அமைந்திருக்கிறது. ஒரு கார்பனாகக் குறைத்தாலும் மூன்றாகக் கூட்டினாலும் அந்தப் பொருத்தம் கெடுகிறது. பக்கவாட்டில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்துப் பாலி புரோப்பிலீன் ஆக்சைடு ஆக்கினால், படிகமாவது நின்றுவிட்டாலும் உப்பைப் பிடிக்கும் திறன் குறைகிறது. கிரௌன் ஈதர்களைப் படித்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: அங்கே வளையமாக மூடியிருப்பதை இங்கே திறந்த சங்கிலி தன் நெகிழ்வால் செய்து முடிக்கிறது. அது திறந்திருப்பதால்தான் அயனிக்குப் போக வழி கிடைக்கிறது.

சங்கிலித் துண்டுகள் வெப்பத்தால் ஓயாமல் புரண்டுகொண்டிருக்கின்றன. அவ்வாறு புரளும்போது ஓர் ஆக்சிஜன் அயனியை விடுகிறது, இன்னொன்று பிடிக்கிறது. சில நேரங்களில் அயனி அடுத்த சங்கிலிக்கே கைமாறுகிறது. கண்ணாடியிலோ பீங்கானிலோ நடப்பதுபோல் அயனி நிலையான இடங்களுக்கு இடையே தாவுவதில்லை. சுற்றியுள்ள கூடே கலைந்து மீண்டும் கட்டப்படும் வேகத்தில்தான் அது நகர்கிறது. இதனால்தான் வெப்பநிலைக்கு எதிராகக் கடத்துதிறனை வரையும்போது அர்ரீனியஸ் சமன்பாட்டின் நேர்கோடு கிடைக்காமல், குளிரக் குளிரச் சரியும் வளைகோடு கிடைக்கிறது. வோகல், டாமன், ஃபுல்ச்சர் ஆகியோரின் பெயரால் வழங்கும் சமன்பாடு அந்த வளைகோட்டைப் பொருத்துகிறது. அதில் வரும் குறிப்பு வெப்பநிலை, பாலிமரின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்கு (அதற்குக் கீழே சங்கிலித் துண்டுகளின் அசைவு உறைந்துவிடும்) ஏறத்தாழ 50 டிகிரி கீழே அமையும். ஓர் அயனியின் நகர்வைக் குறிக்கும் சமன்பாட்டில் சங்கிலி உறையும் வெப்பநிலை நுழைந்திருப்பதே, இரண்டும் எவ்வளவு இறுகப் பிணைந்துள்ளன என்பதற்குச் சான்று.

பாலி எத்திலீன் ஆக்சைடின் கண்ணாடி நிலைமாற்றம் −60 டிகிரி செல்சியஸை ஒட்டி நிகழ்கிறது. அவ்வளவு நெகிழ்வான சங்கிலி அறை வெப்பநிலையில் தாராளமாகக் கடத்த வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். அதன் சிக்கல் படிகம். ஒழுங்கான, பக்கக் கிளைகளற்ற சங்கிலி என்பதால் அது எளிதில் அடுக்கிக்கொண்டு பெரும்பகுதி படிகமாகிவிடுகிறது. 65 டிகிரிக்கு அருகில்தான் உருகுகிறது. கடத்தல் படிகமற்ற பகுதியிலேயே நடக்கிறது என்பதை 1983இல் கிரெனோபிள் குழுவினர் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு அளவீடுகளால் காட்டினர். படிகம் உருகும் வெப்பநிலையைத் தாண்டியவுடன் கடத்துதிறன் சட்டென ஏறி, 80 டிகிரி அளவில் 10⁻³ஐ நெருங்குவதற்கும் இதுவே காரணம்.

அப்படியானால் படிகத்தைக் கெடுத்துவிட்டால் போதாதா? இந்த எண்ணத்தில்தான் அடுத்த இருபது ஆண்டுகளின் உழைப்பு பெரிதும் சென்றது. குறுகிய எத்திலீன் ஆக்சைடு கிளைகளைச் சீப்பின் பற்களைப்போல் ஒரு முதுகெலும்பில், அதாவது மையச் சங்கிலியில், தொங்கவிட்டார்கள். சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் போட்டார்கள். அலுமினா, டைட்டானியா நுண்துகள்களைக் கலந்தார்கள். கடைசியாகச் சொன்னதில் புருனோ ஸ்க்ரொசாட்டியின் ரோமாபுரிக் குழு 1998இல் 30 டிகிரியில் 10⁻⁵ அளவையும் 50 டிகிரியில் 10⁻⁴ அளவையும் எட்டியது. முதுகெலும்பையே மாற்றியவர்களில் ஆல்காக்கும் ஷ்ரைவரும் முக்கியமானவர்கள். பாஸ்பரசும் நைட்ரஜனும் மாறிமாறி வரும் பாலிபாஸ்பசீன் முதுகெலும்பு தன் அச்சில் மிக எளிதாகத் திரும்பும். அதில் ஈதர் கிளைகளை இணைத்து அவர்கள் 1984இல் அறிவித்த பாலிமர், அறை வெப்பநிலையில் பாலி எத்திலீன் ஆக்சைடைவிட நூறு மடங்குக்கும் மேலாகக் கடத்தியது. சிலிக்கானும் ஆக்சிஜனும் கொண்ட சிலோக்சேன் முதுகெலும்பிலும் இதே உத்தி பலன் தந்தது.

ஆனால் அந்தப் பாலிபாஸ்பசீனைத் தனியே வைத்தால் அது கோந்துபோல் மெல்ல வழிந்தோடும். மின்முனைகளைப் பிரித்து நிறுத்த வேண்டிய படலம் அழுத்தத்தில் நழுவிப்போனால், அதன் கடத்துதிறனால் பயனில்லை. வழிதலைத் தடுக்கக் குறுக்குப் பிணைப்புகளைக் கூட்டினால் துண்டுகளின் அசைவு குறைந்து கடத்துதிறன் இறங்குகிறது. உப்பைக் கூட்டினாலும் இதே கதைதான்: ஒவ்வொரு லித்தியம் அயனியும் தன்னைச் சுற்றியுள்ள ஆக்சிஜன்களை இறுக்கிப் பிடிப்பதால் தற்காலிகக் குறுக்குப் பிணைப்பாகச் செயல்பட்டு, கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையை மேலே தள்ளுகிறது. அதனால் கடத்துதிறன் ஓர் உப்பு விகிதத்தில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு சரிகிறது. உங்கள் ஆய்வகத்தில் புதிய பாலிமர் எதைச் செய்தாலும், ஒரே ஓர் உப்பு விகிதத்தில் அளந்துவிட்டு அதைப் பழைய பாலிமருடன் ஒப்பிடாதீர்கள். அந்த உச்சம் ஒவ்வொன்றுக்கும் வேறிடத்தில் இருக்கும்.

வேலையைப் பிரிக்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னது இங்கேதான் பொருள் பெறுகிறது. பாலிஸ்டைரீனையும் பாலி எத்திலீன் ஆக்சைடையும் முனைக்கு முனை வேதிப்பிணைப்பால் கோத்த தொகுதிப் பாலிமரை எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒன்றோடொன்று கலக்க மறுக்கும். பிணைப்பு இருப்பதால் பிரிந்து ஓடவும் முடியாது. விளைவாக, பத்துப் பதினைந்து நானோமீட்டர் அளவில் அடுக்கடுக்காகவோ உருளைகளாகவோ தாமே பிரிந்து அமைகின்றன. பாலிஸ்டைரீன் அடுக்கு 100 டிகிரி வரை கண்ணாடியாக இறுகி வடிவத்தைத் தாங்குகிறது. ஈதர் அடுக்கில் சங்கிலிகள் கட்டற்றுப் புரண்டு அயனியைக் கடத்துகின்றன. அமெரிக்காவின் பெர்க்லியில் நிதாஷ் பால்சாராவின் குழு 2007இல் இத்தகைய பாலிமரில் ஒரு வியப்பான போக்கைக் கண்டது: சங்கிலியின் மூலக்கூறு எடை கூடக் கூடக் கடத்துதிறனும் கூடியது. சாதாரணப் பாலி எத்திலீன் ஆக்சைடில் நடப்பது இதற்கு நேரெதிர். கண்ணாடித் தொகுதியின் எல்லையை ஒட்டிய ஈதர் துண்டுகள் அசையத் தயங்குகின்றன; அடுக்கு தடிக்கும்போது எல்லையிலிருந்து விலகிய, தடையின்றி அசையும் துண்டுகளின் பங்கு பெருகுகிறது என்று இதை விளங்கிக்கொள்ளலாம். இந்த வழிக்கும் ஒரு விலை உண்டு. படலத்தின் ஒரு பங்கைக் கடத்தாத பொருளுக்குக் கொடுத்துவிடுகிறோம். அடுக்குகள் எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடந்தால், கடத்தும் பகுதியிலும் மூன்றில் இரண்டு பங்கு பயனே கிடைக்கும்.

விறைப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. லித்தியம் உலோக மின்முனையில் மின்னேற்றத்தின்போது ஊசிபோல் வளரும் லித்தியம் படிவுகளைத் தடுக்க, பாலிமரின் விறைப்புக் குணகம் லித்தியத்தினுடையதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்று மன்ரோவும் நியூமனும் 2005இல் கணக்கிட்டனர். இந்த எண்ணை இலக்காக எழுதிவிட்டு ஆய்வைத் தொடங்குபவர்கள் பலர். அந்தக் கணக்கு சீரான, குறையற்ற பரப்பை எடுத்துக்கொண்ட ஒன்று. லித்தியத்தைவிடப் பன்மடங்கு விறைப்பான பீங்கான் மின்பகுளிகளிலேயே நுண்விரிசல்கள் வழியாக லித்தியம் ஊடுருவுவது பின்னாளில் தெரியவந்தது. விறைப்பு உதவும், ஆனால் அதுமட்டும் காப்பாற்றாது. மின்முனையோடு இடைவெளியின்றி ஒட்டியிருக்கும் மென்மை பாலிமரின் பெரிய பலம். அதை முழுவதும் விட்டுக்கொடுத்து விறைப்பைத் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி, மாணவர்கள் அதிகம் கவனிக்காத, ஆனால் நான் மிக முக்கியமாகக் கருதும் ஒன்றுக்கு வருகிறேன். கடத்துதிறன் என்று நாம் அளப்பது இருவகை அயனிகளும் சேர்ந்து சுமக்கும் மின்னோட்டத்தை. மின்கலத்தில் பயன்படுவது லித்தியம் சுமக்கும் பங்கு மட்டுமே. அதைப் பெயர்ச்சி எண் என்கிறோம். பாலி எத்திலீன் ஆக்சைடில் அது 0.2ஐ ஒட்டியே இருக்கிறது. லித்தியத்தை ஐந்தாறு ஆக்சிஜன்கள் கட்டிப் பிடித்திருக்க, எதிர்மின் அயனியைப் பிடிக்க யாருமில்லை. அது தன்போக்கில் ஓடுகிறது. ஓடிப்போய் மின்முனையில் வினைபுரிய முடியாததால் ஒரு பக்கத்தில் குவிகிறது. மறுபக்கத்தில் உப்பு வற்றுகிறது. வேகமாக மின்னேற்றம் செய்தால் அந்த வறட்சியே மின்னோட்டத்தை முடக்குகிறது. உப்பைக் கரைக்க உதவிய அதே பிடிமானம் லித்தியத்தையே மெதுவாக்குகிறது என்பதுதான் ஈதர் பாலிமர்களின் அடிப்படை முரண்.

இதற்கு முதல் வழி எதிர்மின் அயனியைச் சங்கிலியிலேயே வேதிப்பிணைப்பால் கட்டிவிடுவது. கட்டப்படும் அயனி எதுவாக இருக்க வேண்டும் என்பதில்தான் நுட்பம். கார்பாக்சிலேட் போன்ற, மின்சுமை ஓரிடத்தில் குவிந்த தொகுதியை வைத்தால் லித்தியம் அதனோடேயே ஒட்டிக்கொண்டு நகராது. மின்சுமை பரவிக் கிடக்கும் சல்போனைல் இமைடு வகைத் தொகுதிகள் லித்தியத்தை எளிதில் விடுவிக்கும். 2013இல் புஷேயும் அர்மானும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் நடுவில் பாலி எத்திலீன் ஆக்சைடும், இரு முனைகளிலும் இந்த இமைடு தொகுதிகள் ஏற்றிய பாலிஸ்டைரீனும் கொண்ட மூன்று தொகுதிப் பாலிமரை வெளியிட்டனர். பெயர்ச்சி எண் 0.85க்கு மேல், கடத்துதிறன் 60 டிகிரியில் 1.3 × 10⁻⁵. கடத்துதிறனைமட்டும் பார்த்தால் இது பின்னடைவு. ஆனால் உப்பு வறட்சி ஏறத்தாழ நீங்கிவிடுகிறது. வடிவத்தைத் தாங்கும் தொகுதியே எதிர்மின் அயனியையும் பிடித்து நிறுத்துகிறது. ஒரே தொகுதிக்கு ஒன்றோடொன்று முரண்படாத இரண்டு வேலைகளைக் கொடுத்த அழகுக்காகவே இந்த வடிவமைப்பை நான் திரும்பத் திரும்ப மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டுவேன்.

இரண்டாவது வழி, பிடிமானத்தையே தளர்த்துவது. ஈதருக்குப் பதிலாகக் கார்பனேட், எஸ்டர் தொகுதிகளைச் சங்கிலியில் வைத்தால் அவற்றின் கார்பனைல் ஆக்சிஜன்கள் லித்தியத்தை அவ்வளவு இறுகப் பற்றுவதில்லை. பெயர்ச்சி எண் 0.5ஐத் தாண்டுகிறது. சுவீடனின் உப்சாலாவில் பிராண்டெல், மிண்டெமார்க் ஆகியோரும், ஜப்பானில் டொமினாகாவும் இந்த வழியில் நிறைய உழைத்திருக்கிறார்கள். இன்னும் துணிச்சலானது, அயனியின் நகர்வைச் சங்கிலியின் அசைவிலிருந்தே விடுவிப்பது. உப்பில் சிறிது பாலிமரைக் கரைப்பது என்று விகிதத்தைத் தலைகீழாக்கி ஏஞ்சல் 1993இல் ஒரு வழி காட்டினார். நேர், எதிர் ஆகிய இரண்டு மின்சுமைகளையும் ஒரே கிளையில் சுமக்கும் பாலிமர்களில், சங்கிலி ஏறத்தாழ உறைந்திருக்கும்போதும் லித்தியம் நகர்வதை அண்மை ஆண்டுகளில் ரேச்சல் செகால்மனின் குழு காட்டியிருக்கிறது. படிகம் கடத்தாது என்று மேலே சொன்னதற்கும் விலக்கு உண்டு: ஆறு ஈதர் ஆக்சிஜனுக்கு ஒரு லித்தியம் என்ற விகிதத்தில் அமைந்த சில படிகங்களில் இரண்டு சங்கிலிகள் சேர்ந்து குழாய்போல் வளைந்து, உள்ளே லித்தியம் வரிசையாக நிற்கிறது. அக்குழாய் வழியே அயனி நகர்வதைப் பீட்டர் புரூஸின் குழு 2001இல் நிறுவியது. அளவு சிறிதுதான்.

இந்த வடிவமைப்புகள் சாலைக்கு வந்தபோது என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 2011 டிசம்பரில் பாரிசில் தொடங்கிய ஆட்டோலிப் வாடகைக் கார் திட்டத்தில் ஓடிய பொல்லோரே நிறுவனத்தின் புளூகார்கள், லித்தியம் உலோகமும் பாலிமர் மின்பகுளியும் கொண்ட 30 கிலோவாட் மணி மின்கலங்களைச் சுமந்தன. அவற்றை 60 முதல் 80 டிகிரி வரை சூடாக வைத்தால்தான் இயங்கும். நிறுத்தி வைத்திருக்கும்போதும் சூடு காக்க மின்சாரம் வேண்டும். ஈதர் சங்கிலி 4 வோல்ட்டை நெருங்கும்போது ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்குவதால், நேர்மின்முனையாக 3.4 வோல்ட் அளவில் இயங்கும் இரும்பு பாஸ்பேட்டோடு நிற்க வேண்டியிருந்தது. அதனால் ஆற்றல் அடர்த்தி குறைந்தது. மாணவரின் முதல் கேள்விக்கு இங்கே நேரடி விடை இருக்கிறது: பாலிமர் மின்கலம் சாலையில் ஓடியது, சூடும் மின்னழுத்த வரம்பும்தான் அதைப் பரவவிடாமல் தடுத்தன.

எல்லாத் திண்மக் கருவிகளும் மின்கலத்தின் அளவுக்குக் கேட்பதில்லை. மின்னூட்டத்தால் நிறம் மாறும் ஜன்னல் கண்ணாடியில் டங்ஸ்டன் ஆக்சைடு படலம் நிறமேற ஓரிரு நிமிடங்கள் ஆனாலும் யாரும் குறை சொல்வதில்லை. அங்கே 10⁻⁵ போதுமானது, ஒளி ஊடுருவுவதும் பல்லாண்டு வெயிலைத் தாங்குவதுமே கடினமான பகுதி. எரிபொருள் கலங்களில் வேறொரு பாடம் கிடைக்கிறது. டூபாண்ட் நிறுவனத்தில் வால்தர் குரோட் 1960களின் இறுதியில் உருவாக்கிய நாஃபியானில், நீரை வெறுக்கும் ஃபுளூரோகார்பன் முதுகெலும்பு வடிவத்தைத் தாங்க, சல்போனிக் அமிலத் தொகுதிகள் ஒன்றுகூடி நீர் நிறைந்த நுண் வாய்க்கால்களை அமைக்கின்றன. புரோட்டான்கள் அந்த நீர் வழியே செ.மீ.க்கு 0.1 சீமென்ஸ் அளவில் கடத்தப்படுகின்றன. வேலைப் பிரிவினை இங்கே லித்தியம் பாலிமர்களுக்கு முன்பே நடந்திருக்கிறது. ஆனால் வாய்க்காலில் கடத்தும் ஊடகம் நீர்தான். காய்ந்தால் கடத்தல் விழும். லித்தியத்துக்கு நீர் ஆகாது என்பதால் இந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

உங்கள் சொந்த ஆய்வுக்கு நடைமுறையில் சில வார்த்தைகள். ஈதர் பாலிமர்களும் லித்தியம் உப்புகளும் காற்றின் ஈரத்தை ஆவலாக உறிஞ்சும். படலம் வார்க்கப் பயன்படுத்தும் அசிட்டோநைட்ரைலும் உள்ளே தங்கும். இரண்டுமே சங்கிலியை இளக்கிக் கடத்துதிறனை உயர்த்திக் காட்டும். ஆகவே வெற்றிடத்தில் சூடாக்கி உலர்த்துங்கள். ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள்ளேயே கலத்தைக் கட்டுங்கள். மேலும் உலர்த்தியும் எண் மாறவில்லை என்று உறுதி செய்த பிறகே குறித்துக்கொள்ளுங்கள். துருப்பிடிக்காத எஃகு மின்முனைகளுக்கிடையே மாறுதிசை மின்னோட்டத்தால் கடத்துதிறனை அளக்கலாம். பெயர்ச்சி எண்ணுக்கு லித்தியம் மின்முனைகள் வேண்டும். 10 மில்லிவோல்ட் அளவில் சிறிய நேர்திசை மின்னழுத்தம் கொடுத்து, தொடக்க மின்னோட்டத்தையும் நிலைத்த மின்னோட்டத்தையும் ஒப்பிடும் புரூஸ்–வின்சென்ட் முறையைப் பின்பற்றலாம். மின்முனையும் பாலிமரும் தொடும் இடைமுகத்தின் மின்தடைக்கான திருத்தத்தை அதில் விட்டுவிடாதீர்கள். உப்புச் செறிவு கூடும்போது அந்த முறையின் எளிய எடுகோள்கள் பொருந்தாமல் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் புதிய முதுகெலும்பைத் தேடும் முன், ஒரே கண்ணாடித் தொகுதியை வைத்துக்கொண்டு கடத்தும் தொகுதியை மட்டும் மாற்றுவேன்: ஒன்றில் ஈதர், ஒன்றில் கார்பனேட், ஒன்றில் இரண்டும் கலந்தது. ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து உப்பு விகிதங்களில் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, கடத்துதிறன், பெயர்ச்சி எண் ஆகிய மூன்றையும் சேர்த்தே அளப்பேன். பிறகு கடத்துதிறனை வெறும் வெப்பநிலைக்கு எதிராக அல்லாமல், கண்ணாடி நிலைமாற்றத்திலிருந்து எத்தனை டிகிரி மேலே என்பதற்கு எதிராக வரைவேன். எல்லாப் புள்ளிகளும் ஒரே வளைகோட்டில் விழுந்தால் நீங்கள் மாற்றியது சங்கிலியின் அசைவை மட்டுமே. எந்தப் பாலிமராவது அந்தக் கோட்டுக்கு மேலே விலகி நின்றால், அதன் வேதியியலில்தான் அடுத்த ஓராண்டைச் செலவிட வேண்டும்.